இருக்குமிடம் சொல்லாமல்

மார்ச் 4

என் அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும். எழுதிவிட்டேன். நம்பாதே.

நான் கடைசியாகக் கடிதம் எழுதியது உன் பள்ளிக்கூடத்துக்கு, 'காய்ச்சல் காரணமாக என் மகளால் வர இயலவில்லை' என்று. அதையும் நீ சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். காய்ச்சலும் கிடையாது. அதனால் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு படி.

வக்கீலம்மா முறையைச் சொல்லிவிட்டார். நான் எழுதி அவர் அலுவலகத்தில் கொடுத்தால், அவர் உறை மாற்றி உனக்கு அனுப்புவார். உன் கடிதமும் அவர் வழியாகத்தான் வரும். போனில் பேசக் கூடாது. நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று நான் கேட்கவும் கூடாது. "சார், உங்களால முடியுமா?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த உன் அம்மா, "இவரால முடியாதும்மா, ஆனா அவளுக்கு வேற அப்பா இல்லையே" என்றாள்.

என் பேத்தியை நீ ஒளித்து வைத்திருந்தாய் என்று நிரூபிக்க, கோர்ட்டில் மாப்பிள்ளையின் வக்கீல் காட்டிய அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஊர்ப்படம் முழுக்க நீலப் புள்ளிகள். எல்லாப் புள்ளியும் நான். வீட்டில் ஒரு கொத்து, நான் லிஃப்ட் பார்க்கும் கட்டடங்களில் ஒவ்வொரு கொத்து, சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு நான் திருட்டுத்தனமாகப் போகும் பேக்கரியில் ஒரு பெரிய கொத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஊருக்கு வெளியே, நீ ஒளிந்திருந்த அந்த மஞ்சள் கட்டடத்தில் ஒரு கொத்து. என்னைப் பெற்றவள்கூட என்னை இவ்வளவு அக்கறையாகக் கவனித்ததில்லை.

எல்லாம் அந்த மழை ஆப் செய்த வேலை. லிஃப்டின் மோட்டார் ரூம் மொட்டை மாடியில் இருக்கும். மழை பெய்தால் கதவுக்கு அடியில் தண்ணீர் வந்துவிடும். அதனால் மழை எப்போது வரும் என்று சொல்லும் ஆப் ஒன்றைப் போனில் போட்டிருந்தேன். ஏதோ கேட்டது, 'சம்மதம்' என்று அமுக்கினேன். மழை வருகிறதா என்று நான் பார்த்தேன், நான் எங்கே போகிறேன் என்று அது பார்த்திருக்கிறது. அதை யாரிடமோ விற்று, அவர்கள் இன்னொருவரிடம் விற்று, கடைசியில் மாப்பிள்ளை கடையில் காய்கறி வாங்குவதுபோல வாங்கிவிட்டான். இது நியாயமா என்று நம் வக்கீலம்மா கேட்டதற்கு, இதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லையே என்றார் நீதிபதி. அவர் முகத்திலும் வருத்தம்தான்.

ஆனால் இப்போது ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். வக்கீலம்மா சொன்னார். விவரம் கேட்டு எழுதுகிறேன்.

பாப்பாவைப் பற்றி ஒரே ஒரு விஷயம் எழுது. ஊர் வேண்டாம், தெரு வேண்டாம். அவள் என்ன செய்கிறாள் என்று ஒரு வரி போதும்.

உன் அப்பா

*

மார்ச் 19

அப்பாவுக்கு,

முதலில் ஒன்று. அவனை மாப்பிள்ளை என்று எழுதாதீர்கள். பழக்கதோஷம் என்பீர்கள். எனக்கும் பல பழக்கங்கள் இருந்தன, விட்டுவிட்டேன்.

பேக்கரியைப் படித்துச் சிரித்துவிட்டேன். சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. அந்தப் புள்ளிகளில் எனக்குச் சிரிக்க எதுவும் இல்லை அப்பா. அந்தக் கடைசி ஞாயிறு நீங்கள் படி இறங்கிப் போனதும் கதவு தட்டும் சத்தம் கேட்டது. நீங்கள்தான் குடையை மறந்து திரும்பி வந்தீர்கள் என்று பாப்பா ஓடிப்போய்த் திறந்தாள். நின்றது அவன். உங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் ஓடிய ஓட்டம் எனக்கு மறக்கவில்லை.

இங்கே ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பின்னறையில் உட்கார்ந்து, லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி ஓரம் தேய்த்துக் கொடுக்க வேண்டும். இடது மணிக்கட்டு பரவாயில்லை, லென்ஸைப் பிடிக்க முடிகிறது. ஏன் போன் வைத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியம்மா கேட்டார். கண்ணுக்கு ஆகாது என்றேன். கண்ணாடிக் கடையில் அதை யாரும் மறுத்துப் பேச முடியாது.

பாப்பாவைப் பற்றி ஒரு வரி கேட்டீர்கள். இங்கே கப்பல் சங்கு கேட்கும். அது ஊதியதும் பாப்பா மாடிக் கம்பியைப் பிடித்து ஏறி நின்று, கையைக் குவித்து அதே மாதிரி திருப்பி ஊதுகிறாள். கப்பல் தனக்குத்தான் பதில் சொல்கிறது என்று நினைக்கிறாள். சாப்பாட்டை விட்டுவிட்டும் ஓடுகிறாள்.

இதை எழுதியிருக்கக் கூடாது. யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

உங்கள் மகள்

*

ஏப்ரல் 3

பெரிய மனுஷிக்கு,

கிழித்துவிட்டேன். உன் அம்மா அதற்குள் பாதிதான் படித்திருந்தாள். மீதியை நான் நடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. கையைக் குவித்து நான் ஊதிய ஊதலில், எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார். உன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்து இன்னொரு தடவை ஊதினேன். அழுதுகொண்டிருந்தாள்.

இனி அவனை 'அவன்' என்றே எழுதுகிறேன்.

சட்டத்துக்கு வருகிறேன். வக்கீலம்மா வரி வரியாகப் படித்துக் காட்டினார். எனக்குப் புரிந்த அளவில், ஒரு ஆள் எங்கே போகிறான் வருகிறான் என்பதைப் போனிலிருந்து எடுத்து யாரும் விற்கக் கூடாது. கோர்ட் கேட்டாலொழிய யாருக்கும் கொடுக்கக் கூடாது. இதுவரை எடுத்து வைத்திருப்பதையும் அழித்துவிட வேண்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். இது சட்டமானால் நான் பஸ் ஏறி வந்து, உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரலாம். என் வயதில் வேறு எதற்கும் ஆசைப்படவில்லை.

போனை வீட்டில் போட்டுவிட்டு வரலாமே என்று நானும் கேட்டேன், முட்டாள் இல்லை நான். "சார், எந்நேரமும் கூடவே போற போன் ஒரே இடத்துல கிடந்தா, நீங்க எங்கயோ கிளம்பிட்டீங்கன்னு அர்த்தம். அன்னிக்கே அவன் உங்க பின்னால வருவான்" என்றார். தூக்கி எறியவும் முடியாது. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் கம்பெனி அந்தப் போனுக்குத்தான் சொல்லும்.

மசோதாவைப் பரிசீலிக்கும் குழுவின் முன்னால் பொதுமக்களும் பேசலாமாம். வக்கீலம்மா என்னைப் பேசச் சொல்கிறார். லிஃப்டுக்குள் நின்று பேசிப் பழகுகிறேன். என்கூட வேலை பார்க்கும் புயல் இருக்கிறானே, ஒரு போல்ட்டைக் கழற்ற அரை நாள் எடுத்துக்கொள்வதால் அந்தப் பெயர் வாங்கியவன், அவன்தான் நீதிபதி மாதிரி எதிரே உட்கார்ந்து கேட்கிறான். நேற்று நான் பேசி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

நீ சரி என்றால் பேசுகிறேன்.

அப்பா

*

ஏப்ரல் 12

அப்பாவுக்கு,

வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன். அதைக் கசக்கிப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதாக எழுதியதைப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அது தப்பு. இப்போது தினமும் காலையில் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறாள்.

போய்ப் பேசுங்கள். அந்தச் சட்டம் வந்தால் நானும் மற்றவர்களைப்போல ஒரு போனைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பேன். முகத்தை மூடிக்கொள்ளாமல் காய்கறி வாங்குவேன். வேறு என்ன கேட்கிறேன்.

ஆனால் எங்களைப் பற்றி எதுவும் பேசாதீர்கள். உங்கள் கதையை மட்டும் சொல்லுங்கள். நாலு பேர் கூடி நீங்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்தால் உங்களுக்கு நிறுத்தத் தெரியாது. என் கல்யாண வரவேற்பில் மைக்கை உங்களிடமிருந்து பிடுங்க வேண்டியிருந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மகள்

*

ஏப்ரல் 27

அன்பு மகளே,

பேசிவிட்டேன். உன் அப்பா இனி சாதாரண ஆள் இல்லை.

பெரிய மண்டபம். நாற்காலிகளுக்கு வெல்வெட் உறை. லிஃப்ட் மட்டும் பழசு, கதவு மூடும்போது முனகியது. வாய் வரை வந்தது, எண்ணெய் போடுங்கள் என்று சொல்லவில்லை.

கம்பெனிக்காரர்கள் சார்பில் ஒரு பையன் வந்திருந்தான். என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்தான். இவனை எதிர்த்தா பேசப் போகிறோம் என்று எனக்கே சங்கடமாகிவிட்டது. மக்கள் விருப்பப்பட்டுத்தான் தருகிறார்கள், தராவிட்டால் மழையையும் வழியையும் எப்படிச் சொல்வது என்று அழகாகப் பேசினான். குழுவில் சிலர் தலையை ஆட்டினார்கள்.

அப்புறம் நான். எழுதி வைத்திருந்த காகிதம் வியர்வையில் நனைந்துவிட்டது, சும்மாவே பேச ஆரம்பித்தேன். "நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். லிஃப்டுக்கு வெளியில ஒரு நம்பர் எரியும். எந்த மாடியில நிக்குதுன்னு காட்டும். உள்ள யாரு நிக்கிறாங்க, எந்த வீட்டுக்குப் போறாங்கன்னு காட்டாது. காட்டினா எங்க கம்பெனியில பாதிப் பேருக்கு வீட்டுல சோறு கிடைக்காது" என்றேன். மண்டபமே சிரித்தது. கம்பெனிப் பையனும் சிரித்தான்.

புள்ளிகள் கதையைச் சொன்னேன், பேக்கரியைச் சொன்னேன். அதற்கும் சிரிப்பு. அப்புறம் அந்தக் கதவு தட்டும் சத்தத்தைச் சொன்னதும் அமைதியாகிவிட்டார்கள். குழுவின் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்ப உங்க பேத்தியைப் பாக்க முடியுதா?" என்று கேட்டார். எவ்வளவு தன்மையாகக் கேட்டார் தெரியுமா.

"இல்லம்மா. சேதி மட்டும் வருது. கப்பல் சங்கு ஊதினா என் பேத்தி மாடியில நின்னு பதிலுக்கு ஊதுறாளாம். கப்பலுக்குக் கிடைச்ச கொடுப்பினை எனக்குக் கிடைக்கல" என்றேன்.

பின்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அழுகிறார் என்று நினைத்தேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். உன் பெயரைச் சொல்லவில்லை, ஊரைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இணையத்தில் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். புயல் மோட்டார் ரூமில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அண்ணே, கண்ணு கலங்கிடுச்சு" என்றான். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமாம்.

வக்கீலம்மா தன் காரிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். என் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது "சார், அந்தக் கப்பல்..." என்று இழுத்தார். "நல்லா இருந்துச்சுல்ல?" என்று கேட்டேன். உன்னிடம் உடனே சொல்ல வேண்டும் என்றார். சொல்லட்டும், நீயும் சந்தோஷப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

உன் அப்பா

*

மே 10

அப்பாவுக்கு,

வக்கீலம்மா சொன்ன அன்றே கிளம்பியிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பாப்பாவுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். அதற்காகத் தயங்கினேன்.

துறைமுகம் இருக்கும் ஊர்கள் எத்தனை இருந்துவிடப் போகின்றன அப்பா. அதில் சங்குச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிற தெருக்கள் எத்தனை. அந்தத் தெருக்களில் பள்ளிக்கூடம் எத்தனை. அவனுக்கு இதைவிட்டால் வேறு வேலை கிடையாது.

பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு நான் போனபோது அவன் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே பாப்பா. "எங்க, அப்பாவுக்கு ஒரு தடவை ஊதிக் காட்டு" என்றான். அவள் கையைக் குவித்து ஊதிக் காட்டினாள். அவன் கைதட்டினான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. போலீசில், பெற்ற அப்பன் பிள்ளையோடு ரோட்டில் நின்று பேசினால் என்ன வழக்குப் போடுவது என்று கேட்டார்கள்.

ஒரு பையோடு கிளம்பினோம். கண்ணாடிக் கடை முதலாளியம்மாவிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இப்போது இருக்கும் இடத்தில் என்ன சத்தம் கேட்கும் என்று எழுத மாட்டேன்.

*

மே 22

மகளுக்கு,

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் தெரியவில்லை.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை. அவளே வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு தட்டில் சோற்றைப் போடுகிறாள், பேசுவதில்லை. திட்டினால் தேவலை என்றிருக்கிறது.

போனை நான் எத்தனையோ திட்டினேன். ஆப்பைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன், வாங்கியவனைத் திட்டினேன். அதெல்லாம் செய்யாததை என் நாக்கு செய்துவிட்டது. அவனுக்கு இந்தத் தடவை காசு செலவில்லை. மைக் வைத்து, விளக்குப் போட்டு, நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சட்டம் நிறைவேறிவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். மேசையைத் தட்டி வரவேற்றார்கள். புயல் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தான், அவனுக்கு நடந்தது தெரியாது. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன். வக்கீலம்மா அலுவலகத்துக்குப் போய் முழுதும் படிக்கச் சொன்னேன். கடைசி நேரத்தில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறார்கள். போன் வைத்திருப்பவர் சம்மதம் கொடுத்திருந்தால் விற்கலாம். ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதை அழிக்க வேண்டியதில்லை. "அப்ப என்னதான்மா தடுக்குது?" என்று கேட்டேன். சம்மதம் கேட்காமல் எடுப்பதைத் தடுக்கும் என்றார். கேட்காமல் எவனும் எடுப்பதில்லையே. மழை ஆப்கூட என்னைக் கேட்டுத்தான் எடுத்தது.

சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. புயலை வைத்துக்கொண்டு மழை ஆப்பில் முயன்றேன். நான்தான் நான் என்று உறுதி செய்ய, இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டச் சொல்லிக் கேட்டது. வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்து உன்னை ஒரு வாரம் சிரிக்க வைத்திருப்பேன்.

மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்க வேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

*

ஜூன் 6

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த பிறகு பல நாள் கோபமாக இருந்தேன். கோபத்தை வைத்துக்கொண்டு இருக்கவும் தெம்பு வேண்டும். எனக்கு இல்லை.

கப்பலை முதலில் எழுதியது நான்தான். அதையும் யோசித்தேன்.

பாப்பா பேசுவதைக் குறைத்துவிட்டாள். அவள் ஊதிக் காட்டியதால்தான் வீடு மாறினோம் என்று எப்படியோ புரிந்துகொண்டிருக்கிறாள். நான் வேலைக்குப் போனால் கதவைப் பூட்டிவிட்டுப் போகிறேன். திரும்பி வரும்போது எந்த மூலையில் விட்டேனோ அதே மூலையில் உட்கார்ந்திருக்கிறாள்.

தனியாக முடியவில்லை அப்பா. நீங்களும் அம்மாவும் இங்கே வந்துவிடுங்கள். வந்து எங்களோடேயே இருங்கள். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், அடுத்த கடிதத்தில் முகவரி அனுப்புகிறேன். வக்கீலம்மா கூடாது என்கிறார். உங்களுக்கு அப்பா இருக்கிறாரா என்று அவரிடம் கேட்டேன்.

மகள்

*

ஜூன் 15

என் தங்கமே,

உன் கடிதம் வந்த அன்றே சரி என்று எழுதி வைத்துவிட்டேன். நேற்று அதைக் கிழித்தேன். காரணம் சொல்கிறேன்.

முந்தாநாள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் கதவு சென்சார் மாற்றிக்கொண்டிருந்தேன். சோதித்துப் பார்க்க லிஃப்டில் ஏறினேன். கதவு மூடும்போது ஒரு கை குறுக்கே வந்தது. சென்சார் சரியாக வேலை செய்தது, கதவு திறந்தது. அவன் உள்ளே வந்தான். "சௌக்கியமா மாமா? முட்டிவலியோட அத்தை எப்படி மாடி ஏறி இறங்கறாங்க?" என்று கேட்டான். மேலே போகும்வரை பேசிக்கொண்டே வந்தான். "எங்கயாவது கிளம்பினா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க மாமா, உங்களுக்கும் வயசாகுதில்ல" என்றான். தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் இன்னும் ரெண்டு மாடி இருந்திருந்தால் திறந்திருப்பேன். அவனைத் திட்டுவதற்காகவாவது எதையாவது சொல்லியிருப்பேன். அந்தத் திட்டிலிருந்தே அவன் ஒரு ஊரைக் கண்டுபிடித்திருப்பான். என்னை எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த எதுவும் என் வயிற்றில் தங்காது.

நான் இங்கே என் வேலையைப் பார்த்துக்கொண்டு, என் போனைத் தூக்கிக்கொண்டு அலைகிற வரைக்கும் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் காணாமல் போனால் அன்றைக்கே தேடிக் கிளம்புவான். அதனால் நான் வரவில்லை.

உன் அம்மாவை அனுப்புகிறேன். அவளிடம் போன் இல்லை, அவளுக்கு என்னைப்போல வாயும் இல்லை. வக்கீலம்மா வேண்டாவெறுப்பாகத்தான் ஒத்துக்கொண்டார். இன்று விடிகாலையில் அவரே காரோடு வந்தார். உன் அம்மா என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எப்போது என்று சொன்னாள். காரில் ஏறிய பிறகு, "நீங்களும் வந்துடுங்களேன்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அவள் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. கதவைச் சாத்தினேன்.

கார் கிளம்பியதும் நான் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியக் கூடாது. சத்தம் முழுக்க அடங்கிய பிறகுதான் உள்ளே வந்தேன். எதிர் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, பார்க்கிறேன் என்றேன். அவரும் வந்து பார்த்தார்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். இனி எனக்கு எழுதவும் வேண்டாம். இது கோபம் இல்லை. கடிதம் வந்தால் படிப்பேன், படித்தால் ஒரு சொல்லிலிருந்து நீ எங்கே இருக்கிறாய் என்று நான் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன். போன கடிதத்திலேயே போட்டுப் பார்த்தேன். பாப்பாவிடம், வீடு மாறியதற்கு அவள் காரணம் இல்லை, தாத்தா வாய்தான் காரணம் என்று சொல். அவள் நம்பும்வரை சொல்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இன்றைக்கு என்னவோ தைரியமாக எழுதிவிட்டேன். இது ரொம்ப நாள் தாங்காது. உடம்புக்கு முடியாமல் படுப்பேன், இல்லையென்றால் சும்மாவே ஒரு சாயங்காலம் உட்கார முடியாமல் வக்கீலம்மா அலுவலகத்துக்குப் போய் நிற்பேன். பேத்தியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், முகவரியை மட்டும் சொல்லுங்கள் என்று அழுவேன். எனக்கு நன்றாக அழ வரும். அவர் மனம் இளகி உனக்குச் சொல்லி அனுப்புவார். அப்பா சாகக் கிடக்கிறார் என்றுகூடச் சேதி வரலாம், அது உண்மையாகவும் இருக்கலாம்.

நான் கேட்டாலும் சொல்லாதே.

உன் அப்பா